பார்க்காமல் சொன்ன ஓம்

மூன்று வருடங்களுக்கு முன்னர், விஜயதசமி அன்று காலை, அரியாலையில் நான் வேலை செய்யும் லேத் வேலைத்தலத்தில் இது தொடங்கியது. பெரிய சம்பவம் என்று சொல்ல முடியாது. யாருக்கும் காயமில்லை. எதுவும் எரியவில்லை. ஒரு மில்லிங் மெசினின் மேசை இடப்பக்கம் நகர மறுத்தது, அவ்வளவுதான். ஆனால் அதனால் ஒருவருடைய பெயர் கெட்டது. அதைக் கெடுத்தவன் நான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புடன் பள்ளிக்கூடத்தை விட்டவன். இரும்பு வேலைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆட்களோடு பேசுவது எனக்குக் கஷ்டம். நாலு பேர் கூடி நின்றால் நான் ஐந்தாவது ஆளாகப் பின்னால் நிற்பேன். எங்கள் வேலைத்தலத்தில் லேத் ஓட்டுபவர் எனக்கு வைத்த பெயர் ‘மௌனசாமி’. அதுவே நிலைத்துவிட்டது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது எதையாவது விளக்கினால், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் ‘ஓம்’ என்று சொல்லித் தலையாட்டிவிடுவேன். திரும்பக் கேட்க வெட்கம். பிறகு எல்லோரும் போனதும் தனியே நின்று, தொட்டுப் பார்த்து, கழற்றிப் பூட்டி விளங்கிக்கொள்வேன். இப்படித்தான் முழு வேலையும் பழகினேன். ஆகவே என்னுடைய ஓம் பொய் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கொஞ்சம் முந்திச் சொன்ன உண்மை என்றே நினைத்திருந்தேன்.

மெசினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய மெசின். முதலாளி கொழும்பில் வாங்கி லொறியில் ஏற்றி வந்தது. வெட்டும் அலகு மேலே ஓரிடத்தில் நின்று சுழலும். கீழே இருக்கும் இரும்பு மேசை, தன்மேல் பூட்டிய வேலையையும் சுமந்துகொண்டு இடமும் வலமும் நகரும். கையால் சில்லைச் சுற்றியும் நகர்த்தலாம். ஆனால் மேசையின் ஒரு முனையில் மோட்டருடன் கூடிய பெட்டி ஒன்று உண்டு. பவர் பீட் என்பார்கள். அதன் பிடியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் மேசை தானாக நகரும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகி இருக்கும். பருத்தித்துறைப் பக்கமிருந்து வருகிற படகு மோட்டர்களின் இரும்புத் தண்டுகளில் நீளமான பள்ளமாகக் காடி வெட்டுவதுதான் எனக்கு அதிகம் வரும் வேலை. பவர் பீட் ஓடினால் காடி கண்ணாடி போல வரும். கையால் சுற்றினால், நான் எங்கெங்கே மூச்சு வாங்கினேன் என்பது காடியில் தெரியும்.

மேசை எல்லை தாண்டிப் போகாமலிருக்க, அதற்குக் கீழே நடுவில் உள்ளங்கை அளவு சிறிய பெட்டி ஒன்று பூட்டியிருக்கும். அதுதான் லிமிட் சுவிட்ச். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பித்தளைக் குமிழ், அரிசிமணி அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேசையில் பூட்டிய இரும்புக் கட்டை வந்து ஒரு குமிழை உள்ளே தள்ளினால் அந்தப் பக்க ஓட்டம் நின்றுவிடும். கட்டை விலகியதும் உள்ளேயிருக்கும் சுருள்வில் குமிழைத் திரும்ப வெளியே தள்ளும். மறுபடி ஓடலாம்.

அந்த வருடம் நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாள் முந்தி வேகத் திருகி தேய்ந்துபோய் மேசை திக்கித் திக்கி நகர்ந்தது. கரண்ட் சம்பந்தப்பட்ட எதிலும் நான் கை வைப்பதில்லை. பயம். முதலாளி அளவெட்டியிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, கைப்பையைத் திறந்து கருவிகளை ஒரு துணியில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் மெசினையே நிமிர்ந்து பார்த்தார். ஒரு மணித்தியாலத்தில் திருகியை மாற்றிவிட்டார். வேலை நடந்த நேரம் முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

“மௌனசாமி, உங்களுக்குப் போட்டியா ஆள் வந்திட்டுது” என்றார் லேத்காரர். “உவவும் மெசினோடை மட்டுந்தான் கதைக்கிறா.”

அந்தப் பெண் அதைக் கேட்டுச் சிரித்தார். நான் எண்ணெய்க் குவளையைத் தேடுவது போல அப்பால் போய்விட்டேன்.

முதலாளிக்கு வேலை பிடித்துக்கொண்டது. அவருடைய மச்சான் பருத்தித்துறையில் ஓர் ஐஸ் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தார். அதன் கரண்ட் வேலை முழுவதையும் இந்தப் பெண்ணிடம் கொடுக்கும்படி மச்சானிடம் சொல்வதாக முதலாளி அந்த இடத்திலேயே சொன்னார். அதுவரை அந்தப் பெண்ணுக்குக் கிடைத்ததெல்லாம் வீட்டுத் தண்ணீர் மோட்டர்களும் மின்விசிறிகளும்தான். பெரிய இடங்களில் ஒரு பெண்ணைக் கூப்பிடத் தயங்குவார்கள். “ஒரு பெரிய வேலை செய்து காட்டினால் போதும் அண்ணை, பேந்து ஆரும் யோசிக்க மாட்டினம்” என்று போகும்போது என்னிடம் சொன்னார். நான் ஓம் என்றேன்.

பிறகு ஆயுத பூசை வந்தது. எங்கள் இடத்தில் அன்று மெசின்களைத் துடைத்துப் பொட்டு வைப்பது என் வேலை. யாரும் ஒப்படைத்ததில்லை, நானாக எடுத்துக்கொண்டது. மண்ணெண்ணெயில் துணி தோய்த்து, ஒரு வருட அழுக்கையும் எடுத்துவிடுவேன். பிறகு பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்து, மெசினின் தலையில், சில்லுகளில், பிடிகளில், மினுங்குகிற இடங்களில் எல்லாம் பொட்டு வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பேன். அந்த வருடம் பித்தளைக் குமிழ்கள் இரண்டும் நான் தேய்த்த தேய்ப்பில் பொன் போல இருந்தன. அவற்றுக்கும் வைத்தேன். முதலாளி கற்பூரம் காட்டினார். அவலும் கடலையும் பகிர்ந்தோம். அன்று எந்த மெசினையும் ஓட்டவில்லை. விஜயதசமி காலையில் பொட்டுகளைத் துடைத்துவிட்டு, நல்ல நேரம் பார்த்து ஒவ்வொன்றாக ஓடவிட்டோம்.

மில்லிங் மெசின் முதலில் இடப்பக்கம் போனது, கட்டை குமிழில் பட்டது, நின்றது. வலப்பக்கம் தள்ளினேன், போனது. மறுபடி இடப்பக்கம் தள்ளினேன். ஒன்றுமில்லை. மோட்டர் முனகக்கூட இல்லை.

“நல்ல நாளும் அதுவுமா!” என்றார் முதலாளி.

அன்றும் மறுநாளும் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்தேன். மேசையின் இறுக்கத்தைத் தளர்த்திப் பார்த்தேன். பக்கத் தட்டைக் கழற்றிப் பல்லுச் சில்லுகளைப் பார்த்தேன். பிடியைக் கழற்றி மாட்டினேன். கிரீஸ் போட்டேன். வலப்பக்கம் குறையில்லாமல் ஓடியது. இடப்பக்கம் அசையவில்லை. இதற்கிடையில் பருத்தித்துறைக்காரர் ஒருவர் மூன்று தண்டுகளோடு வந்து காத்திருந்தார். கையால் சுற்றி வெட்டிக் கொடுத்தேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது.

“ஏன் கஷ்டப்படுவான், வலப்பக்கமாவே வெட்டுங்கோ” என்றார் லேத்காரர். “பூமி உருண்டைதானே, மேசை சுத்திக்கொண்டு வந்திடும்.”

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. அளவெட்டிக்குப் போன் எடுத்தார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, “அவ உன்னோடை கதைக்கோணுமாம்” என்று போனை என் கையில் தந்தார்.

“அண்ணை, வலப்பக்கம் ஓடுதோ?” என்று கேட்டார் அவர்.

“ஓம்.”

“இடப்பக்கம் தள்ளேக்கை மோட்டர் சத்தம் ஏதும் கேக்குதோ?”

“இல்லை.”

“லிமிட் சுவிட்சிலை குமிழ் ரெண்டு இருக்கெல்லே. விரலாலை அமத்திப் பாத்தனீங்களோ? துள்ளித் திரும்ப வெளியிலை வருதோ?”

“ஓம்.”

நான் அமத்திப் பார்க்கவில்லை. அவற்றை இரண்டு நாளுக்கு முன் என் கையாலேயே தேய்த்துத் துடைத்திருந்தேன். குனிந்து பார்த்தபோதும் பித்தளை மினுங்கியது தெரிந்தது. அவற்றில் குறை இருக்க முடியாது என்று நினைத்தேன். அதோடு, அந்தப் போனை எவ்வளவு கெதியாக முதலாளியிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. வழக்கமாக ஓம் சொன்ன பிறகு போய்ப் பார்ப்பேன். அன்று போகவில்லை.

அடுத்த நாள் அந்தப் பெண் வந்தார். பவர் பீட் பெட்டியைத் திறந்து இரண்டு மணித்தியாலம் இருந்தார். தான் மாற்றிய திருகியைக் கழற்றி இன்னொன்றை மாட்டிப் பார்த்தார். ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தார். முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

“பிள்ளை, நீர் கை வைக்க முதல் திக்கித் திக்கி எண்டாலும் ரெண்டு பக்கமும் போனது. இப்ப பாரிசவாதம் வந்த ஆள் மாதிரி ஒரு பக்கம் விழுந்து கிடக்குது.”

“நான் தொட்டது வேகத் திருகி மட்டுந்தான் ஐயா. அதுக்கும் பக்கத்துக்கும் சம்பந்தமில்லை.”

“அப்ப கீழை இருக்கிற சுவிட்சோ?”

“அது அண்ணை அமத்திப் பாத்தவர்தானே” என்றார் அவர், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். “அண்ணை பாத்த இடத்தை நான் பேந்து பாக்கத் தேவையில்லை.”

அந்த வார்த்தை எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது.

பிழை கண்டுபிடிக்க முடியாமல், பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதாகச் சொல்லி ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு போனார். அவர் தெருவில் திரும்பியதும் முதலாளி மச்சானுக்குப் போன் எடுத்தார். லேத் ஓடிக்கொண்டிருந்ததால் உரத்துப் பேசினார். எனக்கு முழுவதும் கேட்டது. “வேண்டாம் மச்சான். நான் சொன்னனான்தான். ஆனால் என்ரை மெசினையே பழுதாக்கிப்போட்டா. நீ வேறை ஆளைப் பார்” என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெட்டி இல்லாத மெசின் வெறுமையாக நின்றது. வேறு வேலை இல்லாததால் மேசைக்குக் கீழே முழங்காலில் நின்று துடைத்துக்கொண்டிருந்தேன். லிமிட் சுவிட்சைத் துடைத்தபோது விரல் தற்செயலாகக் குமிழ் ஒன்றில் பட்டது. அமத்தினேன். உள்ளே போய் ‘டிக்’ என்று வெளியே வந்தது. மற்றதைத் தொட்டேன். அது ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது. வெளியே வரவில்லை.

தையல் ஊசி ஒன்றை எடுத்து ஓரத்தில் கிண்டினேன். மஞ்சளாக ஒரு பொருக்கு வந்தது. அதன் நுனியில் ஒரு பொட்டுச் சிவப்பு. மூக்கருகே பிடித்தேன். மண்ணெண்ணெயையும் மீறிச் சந்தனம் மணத்தது.

நடந்தது இதுதான். நான் வைத்த ஈரச் சந்தனம் குமிழைச் சுற்றியிருந்த மெல்லிய இடைவெளியில் இறங்கி, எண்ணெயோடு சேர்ந்து பசையாகியிருக்கிறது. மறுநாள் நான் துடைத்தது மேலே தெரிந்ததை மட்டும். விஜயதசமி அன்று கட்டை வந்து தள்ளியதும் குமிழ் உள்ளே போய், காய்ந்துகொண்டிருந்த சந்தனத்தில் ஒட்டிக்கொண்டது. மேசை இன்னும் எல்லையில் நிற்பதாகவே மெசின் நினைத்துக்கொண்டிருந்தது. பெட்டியில் எந்தக் குறையும் இல்லை.

நான் ஊசியோடு முழங்காலில் நிற்கும்போது முதலாளியின் போன் அடித்தது. அந்தப் பெண்தான். இம்முறை முதலாளி போனைச் சத்தமாக வைத்திருந்தார்.

“ஐயா, பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை. இஞ்சை சுவிட்ச் வயரைச் சேத்துவிட்டு ஓட்டிப் பாத்தனான், ரெண்டு பக்கமும் வடிவா ஓடுது. பிழை மெசின் பக்கத்திலைதான் இருக்கோணும்.”

“மெசின் பக்கம் எண்டால்? இவ்வளவு நாளும் ஓடின மெசின். பிள்ளை, செய்த பிழையை ஒத்துக்கொள்ளுறதிலை ஒரு குறையும் இல்லை.”

“நான் பிழை செய்யேல்லை ஐயா.”

“சரி, சரி. பெட்டியைக் கொண்டு வாரும்.”

நான் எழுந்து, “முதலாளி, இஞ்சை பாருங்கோ” என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நாலு எட்டுத் தூரம். நான் எழவில்லை. அவர் போனை வைக்கும் வரைக்கும் குனிந்தபடியே இருந்தேன். பிறகு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, சந்தனம் முழுவதையும் சுரண்டி எடுத்து, குமிழ் துள்ளி வருமட்டும் அமத்தி அமத்திப் பார்த்தேன். சுரண்டியதை வெற்றுத் தீப்பெட்டி ஒன்றில் போட்டுச் சட்டைப் பையில் வைத்தேன். ஏன் எறியவில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

பின்னேரம் அவர் பெட்டியோடு வந்தார். பூட்டினார். பிடியை இடப்பக்கம் தள்ளினார். மேசை போனது. வலப்பக்கம் தள்ளினார். போனது. மறுபடி இடப்பக்கம். போனது. அவர் முகத்தில் சந்தோசம் இல்லை. பெரிய குழப்பம் தெரிந்தது.

“பாத்தியளே” என்றார் முதலாளி, எங்கள் எல்லோருக்கும் பொதுவாக. “வீட்டை கொண்டுபோய்த் திருத்திப்போட்டு, ஒரு பிழையும் இல்லை எண்டு போனிலை சொல்லுறா.”

“ஐயா, சத்தியமா நான் ஒண்டும் செய்யேல்லை.”

“ஒண்டும் செய்யாமல் மெசின் தானாச் சுகப்படுமோ?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. மெசினை அறிந்த ஆள் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார். நான் நிலத்தில் கிடந்த இரும்புத் துருவலைக் காலால் ஒதுக்கினேன். அவர் கருவிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று லேத்காரர்கூட ஒரு பகிடியும் விடவில்லை.

சனிக்கிழமையும் நான் சொல்லவில்லை. சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழும்பினேன். மனைவி, “என்னப்பா, வேலையிலை ஏதும் பிழைச்சுப்போச்சோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். நீண்ட நாளைக்குப் பிறகு சரியாகச் சொன்ன ஓம் அதுவாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை யாழ்ப்பாணம் போய், பஸ் மாறி அளவெட்டிக்குப் போனேன். கரண்ட் வேலை செய்யும் பெண் என்று கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். விறாந்தையில் நீளமான மேசை ஒன்று, அதன்மேல் கழற்றிய தண்ணீர் மோட்டர்கள். இரண்டு வீடு தள்ளி யாரோ நாதஸ்வரத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் பிழைக்கும். முதலிலிருந்து தொடங்கும்.

அவர் ஸ்டூல் போட்டு, தேநீர் தந்தார். நான் பஸ்சில் வரும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த எதுவும் வாயில் வரவில்லை. தீப்பெட்டியை எடுத்துத் திறந்து மேசையில் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்து நசுக்கி மணந்து பார்த்தார்.

“சந்தனம்” என்றார். “ஆயுத பூசைக்கு வைச்சது. குமிழிலை.”

“ஓம்.”

“அண்ணை, நான் போனிலை கேட்டனான்.”

“ஓம்.”

“அமத்திப் பாத்தனீங்களோ எண்டு சொல்லிச் சொல்லாக் கேட்டனான்.”

“ஓம்.”

“இப்ப சொல்லுறது எந்த ஓம்? அண்டைக்குச் சொன்ன மாதிரியோ?”

“இல்லைத் தங்கச்சி. இது பாத்துட்டுச் சொல்லுற ஓம்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சிரிப்பு நின்ற பிறகு, ஐஸ் தொழிற்சாலைக்காரர் வெள்ளிக்கிழமை போன் எடுத்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதைச் சொன்னார். அந்த வேலைக்கென்று ஒரு கொப்பியில் வயர் போகும் வழியெல்லாம் கீறி வைத்திருந்தாராம். அதை எடுத்துக் காட்டவில்லை. மேசையின் ஓரத்தில் மூடிக் கிடந்தது. நான்தான் அட்டையைப் பார்த்தேன்.

“என்னிலையும் பிழை இருக்கு” என்றார். “ஆர் என்ன சொன்னாலும் என்ரை விரலாலை ஒருக்கா அமத்திப் பாத்திருக்கோணும். எனக்கு ஒரு நிமிசம் போயிருக்காது. நீங்கள் சொன்னா சரியா இருக்கும் எண்டு விட்டிட்டன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று ஞாபகமில்லை. அவர் தீப்பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார்.

“எனக்குச் சொல்லி என்ன அண்ணை? நான் பிழை விடேல்லை எண்டு எனக்குத் தெரியுந்தானே. தெரியாத ஆக்களிட்டைச் சொல்லுங்கோ.”

திங்கட்கிழமை காலை தேநீர் நேரத்தில் முதலாளியை மெசினடிக்குக் கூப்பிட்டேன். நான் அவரைக் கூப்பிடுவது வழக்கமில்லாததால் லேத்காரரும் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். குமிழை அமத்திக் காட்டினேன். தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். அந்தப் பெண் போனில் கேட்டதையும் நான் பார்க்காமல் சொன்னதையும் சொன்னேன். வெள்ளிக்கிழமையே கண்டுபிடித்ததையும் சொன்னேன்.

முதலாளி முதலில் சிரித்தார். “மெசினுக்குப் பொட்டு வைக்கப் போய், கண்ணுக்குள்ளை வைச்சிருக்கிறாய்!” பிறகு சிரிப்பு போய்விட்டது. “அப்ப மூண்டு நாளா ஏன்ரா வாய் திறக்கேல்லை?”

“பயம்.”

“எனக்கோ?”

“எல்லாத்துக்கும்.”

மச்சானிடம் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றேன். முதலாளி தலையைச் சொறிந்தார். வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டு, நாலு நாளில் அவரே மாற்றிச் சொல்வது அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. “பேந்து பாப்பம்” என்றார். பேந்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நானும் அப்படி நிறையச் சொல்லியிருக்கிறேன்.

“போனைத் தாருங்கோ. நான் சொல்லுறன்” என்றேன்.

லேத்காரர் வாயிலிருந்த பிஸ்கட்டை மெல்லாமல் நின்றார். முதலாளி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, இலக்கத்தை அழுத்திக் கையில் தந்தார்.

“என்ன மச்சான்?” என்றது மறுமுனை.

“நான் மச்சான் இல்லை. இஞ்சை மில்லிங் மெசின் ஓட்டுறனான்.”

“ஆர்? என்ன விசயம்?”

“அந்தக் கரண்ட் வேலை செய்யிற பிள்ளை ஒரு பிழையும் விடேல்லை. நான் சந்தனம் வைச்சு மெசினை இறுக்கிப்போட்டன். அவ சுவிட்சைப் பாக்கச் சொல்லிக் கேட்டவ. நான் பாக்காமல் பாத்தனான் எண்டு சொன்னனான். பெட்டி நல்லாத்தான் இருந்தது. அவவுக்கு வேலை தெரியும்.”

“உதைச் சொல்லவோ போன் எடுத்தனீர்?”

“ஓம்.”

“இப்ப வேறை ஆள் வந்து வயர் இழுக்கத் துவங்கிட்டார். அவரை நிப்பாட்ட ஏலாது. சரி, நான் மனசிலை வைச்சிருக்கிறன்.”

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அது என் வியர்வையில் நனைந்திருந்தது. முதலாளி அதைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அவரே அன்று போன் எடுத்தார். அதை அறைக்குள் போய்ப் பேசியதால் எனக்குக் கேட்கவில்லை.

ஐஸ் தொழிற்சாலை வேலை அந்தப் பெண்ணுக்குத் திரும்பி வரவில்லை. அதை நேராக்க என்னால் முடியவில்லை. அடுத்த வருடம் வேறொரு இடத்தில், ஓர் அரிசி ஆலையில், பெரிய வேலை ஒன்று கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். அது யார் சொல்லிக் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

ஆயுத பூசைக்கு இப்போதும் நான்தான் பொட்டு வைக்கிறேன். முதலாளி நிறுத்தச் சொல்லவில்லை. வைப்பதற்கு முன் லிமிட் சுவிட்சை ஒரு பொலித்தீன் துண்டால் மூடிக் கட்டிவிடுவேன். லேத்காரர் ஒவ்வொரு வருடமும் மறக்காமல் கேட்பார்: “மௌனசாமி, குமிழுக்குக் குடை பிடிச்சாச்சோ?” அந்தப் பகிடி இன்னும் பழசாகவில்லை, அவருக்கு.

பவர் பீட் பழுதானால் இன்றும் அளவெட்டிக்குத்தான் போன் போகிறது. அவர் முதலில் என்னைத்தான் கேட்பார். “அண்ணை, பாத்தனீங்களோ?” என்பார். நான், “பொறுங்கோ தங்கச்சி” என்று சொல்லி, போனை மேசையில் வைத்துவிட்டு, முழங்காலில் நின்று, குமிழ்கள் இரண்டையும் ஒவ்வொன்றாக அமத்தி, ‘டிக்’ என்ற சத்தத்தை இரண்டு தரம் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்வேன். மறுமுனையில் அவர் பேசாமல் காத்திருப்பார். அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தைத் தர வெட்கப்பட்டு ஒருவருடைய பெயரை நான் கெடுத்தேன் என்பது, ஒவ்வொரு தடவையும் முழங்காலில் நிற்கும்போது எனக்கு ஞாபகம் வருகிறது.